புழுவைக் கடைசியாக வாங்குங்கள்: வீட்டில் மண்புழுத் தொட்டி தொடங்குவோருக்கு

சமையலறைக் கழிவைப் புழுவைக் கொண்டு உரமாக்கும் என் முதல் மண்புழுத் தொட்டி 11 நாள்தான் தாங்கியது. பெட்டியையும் புழுவையும் ஒரே நாளில் வாங்கினேன். கொஞ்சம் காகிதத்தைக் கிழித்துப் போட்டு, புழுவைக் கொட்டி, அன்று சேர்ந்த சமையலறைக் கழிவு முழுவதையும் மேலே பரப்பி, மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் தரையெங்கும் புழு. பாதி காய்ந்து நூலாகக் கிடந்தது. மிச்சம் இருப்பவை பசியோடு இருக்குமே என்று இன்னும் கொஞ்சம் கழிவைப் போட்டேன். 11-ஆம் நாள் மூடியைத் திறந்தபோது அடித்த நாற்றத்தை விவரிக்க வேண்டாம். உள்ளே தேடியும் ஒரு புழுகூட இல்லை. மண்புழுவின் உடம்பில் பெரும்பகுதி நீர்தான், செத்தால் ஓரிரு நாளில் கரைந்து தடயமே இல்லாமல் போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது தொட்டி இரண்டு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதே அளவுப் பெட்டி, அதே வகைப் புழு. மாறியது வரிசையும் காத்திருந்த நாள்களும் மட்டும்தான். அந்த வரிசையை அப்படியே கீழே தருகிறேன்.

1. ஒரு வாரம் கழிவை எடை போடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். காய்கறித் தோல், பழத்தோல், காம்பு, வாடிய கீரை, காப்பித் தூள் சக்கை, இவற்றை மட்டும் தனி டப்பாவில் சேர்த்து ஏழு நாளும் எடை பாருங்கள். சமைத்த மிச்சத்தைச் சேர்க்க வேண்டாம்.

நன்றாகப் பழகிய தொட்டியில் புழு ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதி வரை தின்னும் என்பார்கள். அது எல்லாம் சரியாக அமைந்தால். புதிய தொட்டியில் கால் பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதாவது அரைக் கிலோ புழுவுக்கு நாளொன்றுக்கு 125 கிராம். உங்கள் வீட்டில் தினம் 500 கிராம் சேர்கிறது என்றால், முதல் சில மாதங்களுக்கு அதில் கால்வாசிதான் தொட்டிக்குப் போகும். மிச்சத்துக்கு வேறு வழி வேண்டும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குப்பை எல்லாம் இனி புழுவுக்குத்தான் என்று கிளம்பியவர்களின் தொட்டிதான் முதலில் நாறுகிறது.

2. இடத்தை முடிவு செய்யுங்கள்

உரத்தொட்டிப் புழுவுக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதி. 35-ஐத் தாண்டினால் சாக ஆரம்பிக்கும். தொட்டி உறைந்துபோனாலும் அவ்வளவுதான். இதெல்லாம் படுக்கைக்குள், அதாவது புழு வாழப் பெட்டியில் நிரப்பும் ஈரக் காகிதம், அட்டைக்குள் இருக்கும் வெப்பம், வெளிக்காற்றின் வெப்பம் அல்ல. நேர் வெயிலில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் உள்ளே சுற்றுப்புறத்தைவிடச் சூடு அதிகம்.

நிழல், மழைச்சாரல் படாத மூலை, அதிர்வு இல்லாத இடம், இந்த மூன்றும் வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஓடும்போதெல்லாம் புழு மேலே ஏறி வரும். பூச்சி மருந்து அடிக்கும் இடமும் வேண்டாம்.

சமையலறையிலிருந்து பத்தடியில் இருந்தால் தினம் எட்டிப் பார்ப்பீர்கள். மாடி ஏறிப் போக வேண்டியிருந்தால் மூன்றாம் வாரத்தில் மறந்துவிடுவீர்கள்.

3. பெட்டி: உயரம் வேண்டாம், அகலம் வேண்டும்

உரத்தொட்டிப் புழுக்கள் மேல்மட்டத்தில் வாழ்பவை. ஆழமான வாளியில் அடிப்பகுதி காற்றில்லாமல் அழுகும், மேலே நாலு விரற்கடை மட்டும்தான் உயிரோடு இருக்கும். 40-க்கு 60 சென்டிமீட்டர் பரப்பு, 30 சென்டிமீட்டர் உயரம் உள்ள பெட்டி ஒரு கிலோ புழு வரை தாங்கும். அரைக் கிலோவில் தொடங்கினாலும் பெருக இடம் இருக்கும்.

ஒளி ஊடுருவாத பெட்டியாக எடுங்கள். பக்கங்களின் மேற்பகுதியிலும் மூடியிலும் 3 மில்லிமீட்டர் அளவில் நிறையத் துளை போடுங்கள். நானே முதல் பெட்டியில் எட்டுத் துளை போட்டுவிட்டுத் தாராளம் என்று நினைத்தேன். 50 போட்டாலும் தப்பில்லை. அடியிலும் பத்துப் பன்னிரண்டு துளை, கீழே நாலு கட்டை, அதற்கும் கீழே ஒரு தட்டு. மரப்பெட்டி இன்னும் நல்லது, நன்றாக மூச்சு விடும். ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரமாக இருக்கக்கூடாது.

அடுக்குத் தட்டுகள் கொண்ட ஆயத்தப் பெட்டிகளும் விற்கிறார்கள். உரம் எடுக்கும்போது அவை வசதிதான். ஆனால் புழு வளர்ப்பதில் அவை எந்தத் தவறையும் திருத்தித் தராது. முதல் வருடம் சாதாரணப் பெட்டி போதும் என்பது என் கருத்து. பணத்தைப் புழுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், செலவில் பெரும்பங்கு அதுதான். அமிலத்தன்மை பார்க்கும் கருவி, ஈரமானி, உரத்தை வேகப்படுத்தும் பொடி ஆகியவை தேவையே இல்லை. ஒரு சமையலறைத் தராசும் ஒரு வெப்பமானியும் இருந்தால் போதும்.

4. படுக்கை போட்டுவிட்டு இரண்டு வாரம் சும்மா இருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்ததால்தான் என் முதல் தொட்டி செத்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படுக்கை என்பது புழுவுக்கு வீடு, காற்று, ஈரம், உணவு எல்லாம். பழுப்பு அட்டைப்பெட்டி, செய்தித்தாள், காய்ந்த இலை, தென்னைநார்க் கழிவு, இவற்றில் கிடைத்ததைக் கலந்து எடுங்கள். பளபளப்புத் தாள், பிளாஸ்டிக் பூச்சுள்ள அட்டை, ஒட்டுநாடா வேண்டாம். அட்டையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்தால் போதும். மாவாக நறுக்கினால் நனைந்ததும் ஒட்டிக்கொண்டு காற்று போகாது. தென்னைநார்க் கழிவில் சில சமயம் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழியுங்கள்.

எல்லாவற்றையும் ஊறவைத்துப் பிழிந்து, உதிர்த்து, 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். அழுத்தக்கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் தூக்கலாக இருந்தால் ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஈரம் சரிதானா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் குறைவு. புழு தோலால் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருந்தாக வேண்டும், அதேசமயம் சுற்றிலும் காற்றும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தருவதுதான் படுக்கையின் வேலை.

பிறகு இரண்டு கைப்பிடி தோட்ட மண்ணைத் தூவுங்கள். புழுவுக்குப் பல் கிடையாது. அரைவைப் பையில் மணல் துகள்களை வைத்துத்தான் உணவை அரைக்கிறது. மண்ணோடு நுண்ணுயிர்களும் வந்து சேரும், அவை அழுக வைத்ததைத்தான் புழு தின்கிறது.

சாணம் போடலாமா என்று கேட்பீர்கள். பழைய, ஆறிய சாணம் அருமையான படுக்கை. புதுச் சாணம் சூடேறும், போடாதீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்தக் கால்நடைக்குச் சமீபத்தில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருந்தால் மருந்து சாணத்திலும் வரும். ஐவர்மெக்டின் மாதிரியான மருந்துகள் மண்புழுவையும் பாதிக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், பதில் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

படுக்கை தயாரானதும் நடுவில் ஒரு கைப்பிடி காய்கறித் தோலைப் புதைத்து மூடி, 10 முதல் 14 நாள் விடுங்கள். தினம் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். முதலில் லேசாகச் சூடு தெரியலாம், அப்புறம் ஆறும். வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்படாதீர்கள், நல்ல அறிகுறி. மழை பெய்த மண் வாசம் வந்துவிட்டால் புழு வாங்கப் போகலாம்.

5. புழு: எதை, எப்படிக் கேட்டு வாங்குவது

தோட்டத்தில் தோண்டி எடுத்த புழு இதற்கு ஆகாது. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் வகைகளைப் பெட்டியில் அடைத்தால் தப்பிக்கப் பார்க்கும், இல்லையென்றால் செத்துப்போகும். உரத்துக்கு வேண்டியவை அழுகும் இலைதழைகளில் வாழும் மேல்மட்ட வகைகள். மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐசீனியா ஃபெட்டிடா: செம்புழு. உடம்பில் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி வளையமாகத் தெரியும். குளிரையும் நம் தவறுகளையும் நன்றாகத் தாங்கும். புதியவர்களுக்கு இதுதான்.

யூட்ரிலஸ் யூஜினியே: ஆப்பிரிக்கப் புழு. பெரியது, நிறையத் தின்னும். வெப்பமான இடத்துக்கு நல்லது, குளிர் ஆகாது; 15 டிகிரிக்குக் கீழே போனால் துவண்டுவிடும்.

பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ்: மெல்லியது, நீலச் சாயல் மினுங்கும், வேகமாக வேலை செய்யும். ஆனால் நேற்று வரை ஒழுங்காக இருந்துவிட்டு இன்று ராத்திரி கூட்டமாக வெளிநடப்புச் செய்யும் குணம் இதற்கு உண்டு.

விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த வகை? எடைக்கா, எண்ணிக்கைக்கா? எடை என்றால் புழுவின் எடையா, படுக்கையோடு சேர்த்தா? எந்தக் கிழமை அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு கிலோ என்று வந்த பையில் முக்கால் கிலோ சாணமாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். செம்புழு என்றால் அரைக் கிலோவுக்கு ஏறத்தாழ 1,000 வரும். தபாலில் வருவதாக இருந்தால், விடுமுறைக்கு முந்தைய நாளும் கடும் வெயில் வாரமும் வேண்டாம்.

ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் அவரிடம் அரைவாளி படுக்கையைக் கேளுங்கள். புழு, குஞ்சு, முட்டைக்கூடு, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்தே வரும், செலவும் இல்லை. மெதுவாகத்தான் பெருகும். அது நல்லதே, நீங்களும் மெதுவாகப் பழகலாம்.

வேண்டாம் என்று தோன்றினால் புழுவைக் காட்டிலோ வெட்டவெளியிலோ விடாதீர்கள். அந்த இடத்துக்குச் சொந்தமில்லாத புழுக்கள் இலைச்சருகு மூட்டத்தைத் தின்று காட்டின் அடித்தளத்தையே மாற்றிவிடும். வட அமெரிக்கக் காடுகளில் அது நடந்திருக்கிறது.

6. முதல் மூன்று இரவுகள்

புழு வந்த அன்று சாயங்காலம் படுக்கையின் மேல் பரப்பி, மூடியைத் திறந்தே வைத்து விளக்கைப் போடுங்கள். வெளிச்சம் பிடிக்காமல் தானாக உள்ளே இறங்கும். நீங்கள் புதைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்தும் மேலேயே அசையாமல் கிடப்பவற்றை எடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று இரவு விளக்கு எரியட்டும். புது இடம் என்பதால் சுவர் ஏறிப் பார்க்கும், வெளிச்சம் தடுக்கும். அந்த நாள்களில் உணவு கிடையாது. படுக்கையே உணவு என்பதை மறக்காதீர்கள். மூன்று நாளுக்குப் பிறகும் கூட்டமாக ஏறினால் ஏதோ சரியில்லை: சூடு, ஈரம், வாசம் என்ற வரிசையில் பாருங்கள்.

7. உணவு

மூலையில் சிறு குழி, அதில் ஒரு கைப்பிடி, மேலே படுக்கை, அதற்கு மேல் அதே அளவு காய்ந்த கிழிந்த காகிதம். அடுத்த முறை அடுத்த மூலை. நாலு மூலையும் முடிந்து முதல் மூலைக்கு வரும்போது அங்கே பெரும்பாலும் கரைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் போடாதீர்கள், அவ்வளவுதான் விதி. முதல் மாதம் வாரம் இருமுறை போதும், நாள்கணக்குப்படி இன்னும் போடலாம் என்று வந்தாலும்.

பொடியாக நறுக்கினால் சீக்கிரம் கரையும். அதைவிட நல்ல வழி, கழிவை ஃபிரீசரில் உறைய வைத்து, எடுத்து இளக விட்டு, நீரை வடித்துப் போடுவது. உறையும்போது செல்கள் உடைவதால் சீக்கிரம் குழையும், தோலில் ஒட்டியிருக்கும் பழ ஈ முட்டைகளும் சாகும்.

இறைச்சி, மீன், பால் பொருள், எண்ணெய், உப்புப் போட்டுச் சமைத்தது, எதுவும் வேண்டாம். புளிப்புப் பழத்தோல், வெங்காயம், பூண்டு, மிளகாய் மிகக் கொஞ்சம், அல்லது கிடையாது. நாய், பூனைக் கழிவு கூடவே கூடாது. இந்தத் தொட்டி சூடேறுவதில்லை, அதனால் அதில் இருக்கும் நோய்க்கிருமி சாகும் என்று நம்ப முடியாது. இதே காரணத்தால் தக்காளி, பூசணி விதைகளும் சாகாது. பின்னால் பூந்தொட்டியில் முளைத்து நிற்கும். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடியாக்கி வாரம் ஒரு கரண்டி தூவுங்கள்: அரைக்கவும் உதவும், புளிப்பையும் தணிக்கும்.

தேநீர்ப் பைகளைப் பிரித்துத் தூளை மட்டும் போடுங்கள், பல பைகளில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது. பழத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து உரத்தில் எல்லாம் மக்கிப்போயிருக்கும், அது மட்டும் புத்தம் புதிதாகச் சிரிக்கும்.

8. ஏதோ தப்பு என்று தோன்றும்போது

நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, உணவு அதிகம். அழுகியதை எடுத்து வெளியே போடுங்கள், காய்ந்த அட்டையைக் கலந்து கிளறிவிடுங்கள், ஒரு வாரம் உணவை நிறுத்துங்கள். புதியவர்களின் பத்துக் கேள்விகளில் ஏழுக்கு இதுதான் பதில்.

பழ ஈ வந்தால் உணவு மேலே தெரிகிறது என்று பொருள். ஆழப் புதைத்து மேலே இரண்டு அங்குலம் காய்ந்த காகிதம் போடுங்கள். எறும்பு வந்தால் படுக்கை காய்ந்திருக்கிறது. தண்ணீர் தெளித்து, பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

வெள்ளையாக நூல் மாதிரிக் குட்டிப் புழுக்கள் குவியலாகத் தெரிந்தபோது குஞ்சு பொரித்துவிட்டது என்று நான் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவை குஞ்சு அல்ல, வெண்புழு என்ற வேறு இனம். கெடுதல் செய்யாது. ஆனால் தொட்டி ஈரமாகவும் புளிப்பாகவும் இருப்பதைச் சொல்கிறது. உண்மையான குஞ்சு வெளிர்ச் சிவப்பாக இருக்கும், உள்ளே ரத்தக்கோடு தெரியும்.

புழுவின் உடம்பு மணி கோத்த மாதிரி இடையிடையே வீங்கியும் சுருங்கியும் இருந்தால் அது அவசரம். புரதம் மிகுந்த உணவு நிறையப் போய்ப் புளித்துவிட்டது. உடனே புதுப் படுக்கைக்கு மாற்றுங்கள். ஆற அமர யோசிக்க நேரம் இருக்காது.

9. எப்போது என்ன நடக்கும்

முதல் மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பெரும்பாலானவர்கள் கூடுதலாக உணவு போட்டுக் கெடுப்பது அப்போதுதான். இரண்டாம் மாதத்தில் எலுமிச்சை வடிவில் நெல்மணியைவிடச் சிறிய மஞ்சள் உருண்டைகள் தெரியும். அவைதான் முட்டைக்கூடுகள். செம்புழுவின் கூடு மூன்று வாரத்தில் பொரியும், ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சு வரும், அவை முதிர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எல்லாம் ஒத்துவந்தால் இரண்டு மூன்று மாதத்தில் புழு இரட்டிக்கும். பெட்டிக்கு மேல் பெருகாது, இடமும் உணவும் தீர்ந்தால் தானாகவே குறைத்துக்கொள்ளும். முதல் அறுவடை நான்கு முதல் ஆறு மாதத்தில்.

10. உரம் எடுப்பது

படுக்கை முக்கால்வாசி கறுத்து, அட்டை அடையாளம் தெரியாமல் போனதும் எடுக்கலாம். நேரம் இருந்தால், உணவை இரண்டு வாரம் ஒரே பக்கத்தில் மட்டும் போடுங்கள். புழு அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், மறுபக்கத்தை அள்ளிவிட்டுப் புதுப் படுக்கை போடலாம்.

ஒரே நாளில் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டி, வெளிச்சத்தில் சின்னச் சின்னக் கூம்புகளாகக் குவியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேல்பரப்பைச் சுரண்டி எடுங்கள். புழு உள்ளே இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் அடியில் பந்தாகச் சேரும். மண்வெட்டி வேண்டாம், கையால் செய்யுங்கள். இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்பது கதை.

எடுத்த உரத்தைக் காயவிடாமல், காற்று போகும் பையில் நிழலில் வையுங்கள். பூந்தொட்டி மண்ணில் பத்தில் ஒன்று, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் போதும். தனி உரத்தில் விதை போடாதீர்கள். அடித்தட்டில் சேரும் கறுப்பு நீரைத் திரவ உரம் என்று பெருமையாக வைத்திருப்பார்கள். அது பாதி மக்கிய கழிவின் கசிவு. நிறைய வந்தால் தொட்டி ஈரம் அதிகம் என்று பொருள். பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து அழகுச் செடிகளுக்கு ஊற்றலாம், பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு வேண்டாம்.

11. வெளியூர் போனால்

இரண்டு மூன்று வாரம் போவதாக இருந்தால், கிளம்பும் அன்று வழக்கமான அளவு உணவு, மேலே கொஞ்சம் கூடுதலாக ஈர அட்டை, அவ்வளவு போதும். புழு அட்டையைத் தின்றுகொண்டு இருக்கும். யாரிடமும் சாவி கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். நான் ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவர் மிகுந்த பாசத்தோடு தினமும் ஒரு கிண்ணம் பழம் போட்டு வைத்திருந்தார். திரும்பி வந்து அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது.